பரண்மேல் இருப்பதாகச் சொல்லப்பட்ட பூனை

"8 ஆகஸ்ட் 2024, வியாழன். காலையில் தூறல். ஜூஜூவாடி லாரி ஷெட்டில் ஒரு பூனை. பெட்டை. சாம்பல் வரி, மார்பு வெள்ளை, இடது காது நுனியில் கிழிசல். எந்த ஊர் என்று தெரியவில்லை."

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் ஸ்டோர்ஸில் நெடுங்காலம் இருந்தவன் நான். எங்கிருந்து வந்தது என்று எழுதாமல் எந்தச் சரக்கையும் அலமாரியில் ஏற்றியதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கடைசி வாக்கியத்தை எழுதும்போது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அன்று ஸ்கூட்டருக்குப் புகைச் சான்றிதழ் எடுக்கப் போயிருந்தேன். பக்கத்து ஷெட்டில் கர்நாடகப் பதிவெண் கொண்ட கண்டெய்னர் லாரி ஒன்று நின்றிருந்தது. கேபினுக்குக் கீழே ஏதோ கிறீச்சிடுகிறது, பெல்ட் போய்விட்டது போலிருக்கிறது என்று டிரைவர் நிறுத்தியிருந்தார். மெக்கானிக் கேபினை முன்பக்கம் சாய்த்துத் தூக்கினார். இன்ஜினை ஒட்டிய சந்தில் கிரீஸ் பூசிக்கொண்டு பூனை உட்கார்ந்திருந்தது. கோணிச்சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு அதை வெளியே எடுப்பதற்குள் அவருக்கு முழங்கை வரை கீறல்.

எங்கே ஏறியது என்று டிரைவரைக் கேட்டேன். "எல்லி ஹத்திதோ கொத்தில்ல சார்" என்றார் கன்னடத்தில்; எங்கே ஏறியதோ தெரியாது என்று கையை விரித்தார். ஹூப்ளியில் சரக்கு ஏற்றியிருக்கிறார், தும்கூரில் தூங்கியிருக்கிறார், நெலமங்கலாவில் டீ குடித்திருக்கிறார். மூன்றில் எந்த ஊர்ப் பூனையாகவும் இருக்கலாம். முந்தின ராத்திரி அந்த ஷெட்டிலேயே ஏறிய உள்ளூர்ப் பூனையாகவும் இருக்கலாம். ரோட்டில் விட்டுவிட்டால் அதுவே போய்விடும் என்றார் மெக்கானிக். அந்த ரோடு பெங்களூர் நெடுஞ்சாலை. டயர் கடையில் ஒரு காலி அட்டைப்பெட்டி வாங்கி, அதில் பூனையை அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பெட்டியைத் திறந்ததும் அது என்னையோ என் மனைவியையோ பார்க்கவில்லை. கேஸ் சிலிண்டரில் கால் வைத்து, ஜன்னல் விளிம்பில் தாவி, சமையலறைப் பரண்மேல் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு அங்கிருந்த நாளெல்லாம் அதுதான் அதன் இடம். யாரும் இல்லாதபோது இறங்கிச் சாப்பிடும். காலடிச் சத்தம் கேட்டால் மேலே ஏறிவிடும். கீழிருந்து பார்த்தால் பெரும்பாலும் வால்நுனி தெரியும், அதுவும் சில நாள்தான்.

கால்நடை மருத்துவர் அதற்கு இரண்டு வயது இருக்கும் என்றார். ஏற்கெனவே கருத்தடை ஆகியிருக்கிறது என்றும் சொன்னார். அப்படியென்றால் யாரோ ஒருவர் இதைத் தூக்கிக்கொண்டு போய்ச் செலவு செய்திருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு உறுத்தல். இது ஒருவருடைய பூனை. தவறவிட்டார்களா, வேண்டாமென்று லாரியில் ஏற்றிவிட்டார்களா? லாரி டிரைவர் சொன்னது உண்மைதானா? அந்த மாதம் முழுவதும் அழைப்பு மணி அடித்தபோதெல்லாம் யாரோ உரிமை கேட்டு வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். வந்தவர்கள் எல்லாரும் கூரியர்காரர்கள்.

மனைவிக்கு அந்தக் கவலை இல்லை. காய் நறுக்கும்போது பரணைப் பார்த்துப் பேசிக்கொண்டே நறுக்குவாள். அது பதில் சொல்லாது, எழுந்தும் போகாது. ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அது நம்மள நம்பல. நீங்க அத நம்பல. கணக்கு சரியாப் போச்சு."

தீபாவளிக்கு முன் வீட்டுச் சொந்தக்காரர் வீட்டை விற்றுவிட்டதாகச் சொன்னார். மத்திகிரிப் பக்கம் மகன் வாங்கிப் பூட்டி வைத்திருந்த அடுக்குமாடி வீட்டுக்குப் போவதாக முடிவாயிற்று. மார்கழியில் வீடு மாற மாட்டோம், தை பிறந்ததும் போகலாம். ஆனால் அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் விதிப்பலகையில் நாய், பூனை கூடாது என்று எழுதியே வைத்திருந்தார்கள். செயலாளரிடம் பேசிப் பார்த்தேன். கிளி என்றால் பரிசீலிக்கலாம் என்றார்.

மனைவி ஒரே ஒரு தடவை சொன்னாள். "அதுக்கு ஒரு வீடு ஆகாம நான் சாமான் வண்டில ஏற மாட்டேன். மீன் மார்க்கெட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வந்து வீடுன்னு சொல்லாதீங்க." சொன்னதைத் திரும்பச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. தைக்குள் பூனைக்கு வீடு பார்க்க வேண்டும் என்பது அன்றிலிருந்து என் வேலையாயிற்று.

பழைய கம்பெனி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டேன். "பெட்டைப் பூனை. இரண்டு வயது. கருத்தடை செய்தது. யாரிடமும் வராது. நல்ல வீடு தேவை." மனைவி அதைப் படித்துவிட்டு, பெண்ணுக்கு வரன் தேடுகிறவர்கள் முதல் வரியிலேயே குறையைச் சொல்வார்களா என்று கேட்டாள். குறையை மறைத்து அனுப்பின சரக்கு திரும்பி வரும் என்றேன்.

முதலில் வந்தவர் அஞ்செட்டியில் நிலம் வைத்திருக்கும் விவசாயி. ராகி மூட்டைகளுக்கு எலித் தொல்லை. ஒரு மாதம் கயிற்றில் கட்டி வைத்தால் பழகிவிடும் என்று நல்ல மனதோடுதான் சொன்னார். எலி மருந்து வைப்பதுண்டா என்று கேட்டேன். வைப்போம், பூனைக்கு அதெல்லாம் தெரியும் என்றார். மனைவி அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தாள்.

அடுத்து பெங்களூரில் வேலை பார்க்கும் இளம் தம்பதி. அந்தப் பெண் பரணுக்குக் கீழே போனைப் பிடித்தபடி வெகுநேரம் காத்திருந்தாள். கிடைத்தது வால்நுனி மட்டும்.

"ஆன்ட்டி, இது எப்பவுமே இப்படித்தானா?"

"எப்பவுமே."

அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூன்றாவதாக ஒருவர் மோட்டார் சைக்கிளில் காலி உரச்சாக்கோடு வந்தார். அவர் எதுவுமே கேட்கவில்லை. ஆணா பெண்ணா, எலி பிடிக்குமா, கடிக்குமா, ஒன்றும் இல்லை. எங்கே இருக்கிறது, எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். வீடு எங்கே என்றதற்கு பேரிகை ரோடு என்றார். பேரிகை ரோட்டில் எந்த ஊர் என்றேன். அந்தப் பக்கந்தான் என்றார். வெளியே வந்து அவருடைய வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டேன். அதை அவர் பார்த்துவிட்டார்.

"என்னா சார், பூனைக்கு ஆர்சி புக்கு இருக்குதா?" என்று சிரித்துக்கொண்டே சாக்கை மடித்து வண்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எதற்குக் கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எலிக்காகவே இருந்திருக்கலாம். ஆனால் கேள்வியே கேட்காமல் வாங்குகிறவரிடம் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் வேறொரு கணவனும் மனைவியும் வந்தார்கள். இருவருக்கும் ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவி. சிப்காட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விடும் லைன் வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். அவன் வார்ப்படக் கம்பெனியில், அவள் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில். இவர்கள் கேள்வி கேட்டார்கள். என்ன சாப்பிடும், வெளியே போகுமா, சத்தத்துக்குப் பயப்படுமா, தடுப்பூசி எந்தத் தேதியில் போட்டது. அத்தனையும் சரியான கேள்விகள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டு வந்ததுபோல் அவ்வளவு சரியாக இருந்ததே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து வீடியோ பார்த்துக் குறித்துவைத்த கேள்விகள் அவை என்று அவனே பிறகு சொன்னான்.

தெருவுக்குத் தெரு குட்டிகள் சும்மாவே கிடைக்கும்போது, யாரிடமும் வராத இந்தப் பூனை எதற்கு என்று கேட்டேன். அந்தப் பெண் பதில் சொல்வதற்கு முன் பரணைப் பார்த்தாள். அன்று அது முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"நாங்க ரெண்டு பேரும் வேற வேற ஷிப்ட் சார். நான் வரும்போது அவரு கெளம்பியிருப்பாரு. அவரு வரும்போது நான் போயிருப்பேன். மூஞ்சி பாத்துப் பேசறது ஞாயித்துக்கெழமதான். கதவத் தெறந்தா உள்ள யாரோ இருக்காங்கன்னு இருந்தா போதும் சார். மடில வந்து உக்காரணும்னு இல்ல."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். முடிவாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. என் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்தேன். அவ்வப்போது முன்கூட்டிச் சொல்லாமல் வந்து பார்ப்பேன். அவன் ஒரு நொடிகூட யோசிக்காமல், "எப்ப வேணா வாங்க சார்" என்றான். யோசிக்காமல் சொன்னதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

பூனையைக் கொண்டுபோய் விட நானும் போனேன். அந்தப் பெண்ணின் அம்மா கல்லாவியிலிருந்து போனில் ஒரு கட்டளை கொடுத்திருந்தார். புதுப் பூனையை வீட்டுக்குள் எடுத்துப் போகிறவர் பின்பக்கமாக நடந்து போக வேண்டும், அப்போதுதான் அதற்கு வெளியே போகும் வழி பிடிபடாது. அவன் அட்டைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நடந்து, நிலைப்படி தடுக்கி, பெட்டியோடு உள்ளே விழுந்தான். பூனை அவன் தோள்மேல் ஒரு காலை வைத்து நேராகப் பரணுக்குப் போய்விட்டது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பரணிலிருந்து கண்கள் இரண்டும் எங்களைப் பார்த்தன. அந்த வீட்டில் அந்தப் பூனையை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மனிதர்கள் இருக்கும்போது அது சாப்பிடாது என்று நான் சொல்லியிருந்ததால், சோற்றுக் கிண்ணத்தைப் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் வைத்தார்கள். அது வெளியே தெரிகிற, தகரக் கதவு போட்ட சின்ன இடம்.

பொங்கல் கழிந்து தை முகூர்த்தத்தில் நாங்கள் வீடு மாறினோம். அதற்கு முந்தின நாள் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து கேட்டேன். நல்லா இருக்குது சார் என்றாள். அதை மனைவியிடம் சொன்னேன். அவள் சாமான் வண்டியில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பூனையின் விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் தட்டை எங்கள் தட்டுகளோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

பிப்ரவரியில் முதல் தடவை பார்க்கப் போனேன். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த கணவன் கதவைத் திறந்தான். கண்ணெல்லாம் சிவப்பு.

"மேலதான் சார் இருக்கும்."

எட்டிப் பார்க்க ஒரு ஸ்டூல் கேட்டேன். பயந்துவிடும் என்றான். பின்பக்கம் போய்க் கிண்ணத்தைப் பார்த்தேன், துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது. "இப்பத்தான் சாப்புட்டிருக்குது பாருங்க" என்றான். உன்னிடம் வருகிறதா என்று கேட்டேன்.

"எங்கிட்ட எங்க சார் வருது. அவகிட்டதான் ஒட்டுதல்."

சில வாரம் கழித்து மறுபடி போனபோது அந்தப் பெண் இருந்தாள். அவளும் மேலே இருக்கும் என்றாள். அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்.

"எங்கிட்ட இல்ல சார். அவருகிட்டதான். அவரு இருந்தா கீழயே எறங்கும்போல."

வீடு திரும்பும் வழியில் இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பூனை அவளிடம் ஒட்டியது என்கிறான் அவன். அவனிடம் ஒட்டியது என்கிறாள் அவள். இருவரில் ஒருவர் சொல்வது தவறு. இருவருமே பொய் சொல்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்ளலாம். செத்துப்போய் எங்காவது புதைத்துவிட்டார்களா? கல்லாவிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்களா? உரச்சாக்குக்காரர் முகம்கூட ஒருமுறை வந்துபோயிற்று. நான் கண்ணால் பார்க்கவில்லை என்பதை மனைவியிடம் சொன்னேன்.

"நம்ம வீட்ல இருந்தப்ப மட்டும் தெனமும் காட்சி குடுத்துச்சா?" என்றாள்.

சிக்கலே அதுதான். வேறொரு பூனை என்றால், அது இல்லாமல் போனது வீட்டில் தெரிந்துவிடும். இந்தப் பூனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீடு ஒரே மாதிரிதான் இருக்கும்.

மார்ச்சில் போனபோது கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் வெளியே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். காலைச் சுற்றி நாலைந்து நாட்டுக்கோழிகள். பேரிகைக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என் வெள்ளைச் சட்டையையும் குடையையும் பையிலிருந்த பேனாவையும் ஒருமுறை பார்த்தார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துவந்து போட்டார். கேட்காமலேயே தண்ணீர் வந்தது.

பூனை என்று நானே வாயெடுத்தால் அவர் எனக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடக்கூடும். அதனால் சுற்றி வளைத்தே விசாரித்தேன். பக்கத்து வீட்டில் எப்படி, நல்ல மாதிரியா, சண்டை சச்சரவு உண்டா, வீட்டில் ஆள் இருப்பார்களா. அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நேராக உட்கார்ந்துகொண்டார். மஞ்சோடு என்று தெலுங்கில் ஒருதடவை, நல்ல பையன் என்று தமிழில் ஒருதடவை சொன்னார்.

"குடி கெடையாது, பீடி சிகரெட்டு கெடையாது. ஞாயித்துக்கெழம ஆனா சர்ச்சு. அண்ணன் அண்ணி ரெண்டு பேரும் தங்கம் சார். தம்பி கடைசி ரூம்ல இருக்குது, அண்ணன் பேச்சத் தாண்டாது."

இதில் தம்பி எங்கே வந்தான் என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் விட்டுக்கொடுக்காமல், வாயில்லா ஜீவன்களிடம் எப்படி என்று கேட்டேன்.

"அத ஏன் கேக்கறீங்க. எங்க கோழிக்கே ரெண்டு வேளையும் சோறு வெக்கறாங்க சார். காலைல அண்ணன் வெக்கும், சாயந்தரம் அண்ணி வெக்கும். மீன் தலகூட போட்டு. நானும் பின்னாடி தகரத்த லேசா நவுத்தி வுட்டுருவேன். இந்தக் காலத்துல பக்கத்து வூட்டுக் கோழிக்கு யாரு சார் சோறு வெக்கறாங்க? இந்த மாதிரிக் குடும்பத்துல பொண்ணு குடுக்க நீங்க யோசிக்கவே யோசிக்காதீங்க."

தம்ளரைக் கீழே வைத்தேன். எனக்குப் பெண் இல்லை, ஒரே மகன்தான், அவனுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, நான் விசாரிக்க வந்தது ஒரு பூனையை என்று சொன்னேன்.

"பூனையா?" என்றார். "அதுக்கா இவ்ளோ விசாரணை?"

அவர் முகம் மாறிவிட்டது. கோழிகளை ஒருமுறை எண்ணுவதுபோல் பார்த்தார். பூனை ஒன்று வந்திருந்தது உண்மைதான், கிறிஸ்துமஸ் லீவுக்கு அவர்கள் ஊருக்குப் போனதற்கு முன்னால் பார்த்தேன், அப்புறம் அந்தச் சுவரில் ஒரு பூனை நடந்திருந்தால் கோழி வைத்திருக்கிற எனக்குத் தெரியாமல் இருக்குமா என்றார். நான் எழுந்ததும் நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சர்ச்சிலிருந்து திரும்பும் நேரத்துக்குப் போனேன். பூனையைக் கொண்டுபோய் விட்ட நாளுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து வீட்டில் இருந்து நான் பார்த்தது அன்றுதான். கோழி விஷயத்தைச் சொன்னேன். இருவரும் என்னைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ பாத்தியா?" என்றான் அவன்.

"நீங்கதான பாத்தேன்னீங்க?"

"நான் எங்க பாத்தேன்னேன்? கிண்ணம் காலியா இருக்குதுன்னு சொன்னேன்."

"நானும் அதத்தான சொன்னேன்."

அவன் ஸ்டூல் போட்டு ஏறினான். பரணில் ஒரு பழைய சூட்கேஸ், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வந்த டப்பா, ஒரு பயணப்பை. ஜனவரியில் ஒருநாள் வாலைப் பார்த்தேன் சார், சத்தியமாகப் பார்த்தேன் என்றான். பிறகு கையை நீட்டி எதையோ இழுத்தான். பயணப்பையின் கறுப்பு வார், பரண் விளிம்பில் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையில் பிடித்தபடியே ஸ்டூல்மேல் நின்றான்.

"நான் தெனமும் வந்து பேசுவேன் சார்" என்றாள் அந்தப் பெண். "கம்பெனி லைன்ல என்ன ஆச்சு, சூப்பர்வைசர் என்ன சொன்னான், எல்லாத்தையும். அது கேக்குதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் பேசினேன்."

அவன் இறங்காமலேயே சொன்னான். "நானுந்தான்."

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளை அடுப்படியிலும் அவனை வாசலிலும் தனித்தனியாகக் கேட்டேன், கடைசியாக எப்போது கண்ணால் பார்த்தது என்று. இருவர் சொன்னதும் ஒத்துப்போயிற்று. கல்லாவிக்குக் கிளம்பின காலை. பின்பக்க ஜன்னலைத் திறந்து வைத்து, இரண்டு கிண்ணம் சோறு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது இரண்டும் காலி. நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது என்று இருவரும் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். ஏமாற்ற நினைக்கிறவர்கள் தங்களை இவ்வளவு முட்டாளாகக் காட்டும் கதையைச் சொல்ல மாட்டார்கள் என்று பட்டது. ஆனாலும் அன்றைய பதிவில் "அவர்கள் சொல்வது" என்றுதான் எழுதினேன்.

மனைவியிடம் அன்றே சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஜன்னல் தெறந்தா இருந்துச்சு?"

"ஆமாம்."

"அப்ப யாரும் தூக்கிப் போடல" என்றாள். அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தாள். தான் வைத்த நிபந்தனை நிறைவேறியதாக நம்பித்தான் அந்த வண்டியில் ஏறினாள். அவள் ஏறின நாளில் பூனை எந்த வீட்டிலும் இல்லை. அதை நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. நசுங்கிய தட்டு புது வீட்டின் பாத்திர அலமாரியில் கடைசித் தட்டாக இருந்துகொண்டிருந்தது.

அந்தத் தம்பதி தேடினார்கள். சும்மா சொல்லவில்லை, பஸ் நிறுத்தங்களில் அவர்கள் ஒட்டிய காகிதத்தை நானே இரண்டு இடத்தில் பார்த்தேன். கம்பெனி பஸ்ஸில் எல்லாரிடமும் கேட்டதாக அந்தப் பெண் சொன்னாள். அவள் பேச்சை முதன்முதலாகச் சந்தேகப்படாமல் கேட்டுக்கொண்டேன். ஆனால் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜூனில் ஒரு காலை அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. அவள் பஸ் ஏறும் இடத்துக்கு எதிரில் ஒரு தொழிற்சாலை. அதன் வாசலில் காவலர்கள் உட்காரும் சின்ன அறை, மேலே தகரக் கூரை. கூரைமேல் ஒரு பூனை படுத்திருக்கிறதைப் பல நாளாகப் பார்த்திருக்கிறாள், அன்றுதான் காதைக் கவனித்தாளாம். அங்கே காவலில் இருந்த ஒடிசாக்காரரிடம் கேட்டிருக்கிறாள். குளிர்காலத்திலிருந்து வருகிறது, மூன்று ஷிப்ட் ஆட்களும் சோறு வைக்கிறோம், நாங்கள் முதுகைத் திருப்பினால்தான் இறங்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். படம் எடுக்க மட்டும் விடவில்லை. இங்கே தொழிற்சாலை வாசலைப் படம் எடுக்கக் கூடாது. உள்ளே போகிற ஆட்களின் போன் கேமராவிலேயே ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்புவார்கள். ஆகவே அவள் சாலைக்கு இந்தப் பக்கம் வந்து, வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, தன்னையே செல்ஃபி எடுத்துக்கொள்வதுபோல் எடுத்திருக்கிறாள். அவள் தோளுக்கு மேலே, தூரத்தில், கூரை. கூரைமேல் பூனை.

பெரிதாக்கிப் பார்த்தேன். சாம்பல் வரி. மார்பில் வெள்ளை. ஒரு காதின் நுனியில் கிழிசல் இருக்கிறது. அது வலது காது. ஆகஸ்ட் பதிவில் இருப்பது இடது.

முன்பக்கக் கேமராவில் எடுக்கிற படத்தைச் சில போன்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திருப்பிச் சேமிக்கின்றன, சில அப்படிச் செய்வதில்லை. திருப்பியிருந்தால் அது எங்கள் பூனை. இல்லையென்றால் அதே நிறத்தில் இன்னொரு பூனை. படத்தில் ஓர் எழுத்து இருந்தால்கூடப் போதும், தெரிந்துவிடும். கம்பெனிப் பலகை படத்துக்கு வெளியே போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு மூக்குத்தி இருந்தால் எந்தப் பக்கம் என்று பார்க்கலாம், அவர்கள் சபையில் நகை போடுவதில்லை. நடுவகிடு எடுத்திருக்கிறாள். கம்பெனிக் கோட்டுக்குப் பொத்தான் கிடையாது, ஜிப்தான். அந்தப் போனிலேயே இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டேன். நான் கேட்பதற்குள் அவள் அதைக் கடையில் கொடுத்துவிட்டு வேறு போன் மாற்றியிருந்தாள். நேரில் பார்த்தபோது எந்தக் காது என்றதற்கு, படத்தில் இருக்கிற காதுதான் சார் என்றாள்.

படத்தை மனைவியிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"அதேதான்."

காது வலது பக்கம் இருக்கிறதே என்றேன்.

"காத விடுங்க. மூஞ்சியப் பாருங்க. ரோட்டுல அத்தன வண்டி போவுது, ஒண்ணையாவது பாக்குதா?"

திங்கட்கிழமை எதிர் டீக்கடையில் உட்கார்ந்து நேரில் பார்த்துவிட்டு வருகிறேன், அரை மணி நேர வேலை என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"போகாதீங்க. நீங்க போனா சும்மா பாத்துட்டு வர மாட்டீங்க. வாட்ச்மேன கூப்புட்டு எப்ப வந்துச்சு, யாரு சோறு வெக்கறது, எந்த ஷிப்ட்டுல வெக்கறீங்கன்னு கேப்பீங்க. அவன் நீங்க கம்பெனிலேர்ந்து வந்த ஆளுன்னு நெனப்பான். மறுநா பூனைய வெரட்டிடுவான்." படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். "அந்த வீட்டுல எந்நேரமும் ஆளு இருக்குது. பூட்டறதே இல்ல."

அன்று மாலை அலமாரியிலிருந்து நசுங்கிய தட்டை எடுத்து, கழுவி, அதில் வத்தல் காயவைத்தாள். நான் போகவில்லை. அந்தப் பக்கம் வேலை இருந்த நாள்களில்கூட பைபாஸ் வழியாகச் சுற்றிப் போனேன்.

நாட்குறிப்பில் ஜூன் மாதப் பதிவு இப்படி இருக்கிறது: "காவலர் அறைக் கூரையில் பூனை. சாம்பல் வரி, மார்பு வெள்ளை. யாரிடமும் வருவதில்லை என்று தகவல். காது நுனியில் கிழிசல், படத்தில் வலப்பக்கம். படம் திருப்பிச் சேமிக்கப்பட்டதா என்பது தெரியவில்லை. எங்கள் பூனைதான் என்பது உறுதி செய்யப்படவில்லை."

இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.